மழுங்கிய டிரில் பிட்: சாணைக்கா, குப்பைக்கா?

டிரில் பிட் மழுங்கினால் சாணை பிடிப்பதா, புதிது வாங்குவதா என்று பேச்செடுத்தால் இரண்டு பதில்கள்தான் காதில் விழும். “மூணு வெள்ளிக்குக் கிடைக்கிற சாமானுக்கு எதுக்கண்ணே இவ்வளவு மெனக்கெடணும்?” என்பது ஒன்று. “நல்ல இரும்புப்பா அது, ரெண்டு தடவை கல்லுல காட்டினா போதும்” என்பது மற்றது. சிங்கப்பூரின் பூன் லேயில் இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு. முதலாவதைச் சொல்பவர்கள் கைப்பேசியில் ஆர்டர் போட்டு, ஓரிரு நாளில் வாசலில் பொட்டலத்தை எடுத்துக்கொள்பவர்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் அநேகமாக ஜூரோங் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள். 1961இல் சதுப்பு நிலத்தை நிரப்பி ஜூரோங் தொழிற்பேட்டையை எழுப்பத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த வட்டாரத்துக்கு இரும்போடுதான் பிழைப்பு. தமிழ்நாட்டு ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு இன்று துவாஸ் பக்கம் கப்பல் பட்டறைக்குப் போகும் தம்பிகளைக் கேட்டால், பயிற்சியின் தொடக்கத்திலேயே சாணைக்கல் முன்னால் நிற்கவைத்த கதையைச் சொல்வார்கள்.

இரு தரப்பையும் மதிக்கிறேன். ஆனால் இருவரும் கணக்கைத் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள் என்பது என் வாதம். விலையும் கைப்பழக்கமும் பிறகு வரட்டும். முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பிட் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதை. முனை தேய்ந்ததா, விட்டம் தேய்ந்ததா? முனை தேய்ந்த பிட்டைக் கல் மீட்டுக் கொடுக்கும். விட்டம் தேய்ந்துவிட்டால் எந்தக் கல்லாலும் எந்தக் கைகாரராலும் மீட்க முடியாது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் டிரில் பெரும்பாலும் மோதுவது கான்கிரீட்டோடு. திரைச்சீலைத் தண்டு, தொலைக்காட்சித் தாங்கி, சமையலறை அலமாரி, துணி காயப்போடும் கம்பிக்கான பிடி என்று எதை மாட்டினாலும் சுவரிலோ கூரையிலோ ஓட்டை வேண்டும். சுவருக்குள் இரும்புக் கம்பி ஓடும். அதற்கென்று விற்கும் பிட்டின் உடல் சாதாரண எஃகு. நுனியில் மட்டும் ஒரு சிறு கார்பைடுத் துண்டைப் பற்றவைத்திருப்பார்கள். டங்ஸ்டன் கார்பைடுப் பொடியைக் கோபால்ட்டோடு சேர்த்து அழுத்திச் சுட்டெடுக்கும் முறை 1923இல் ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் கண்டது. குருப் நிறுவனம் அதை ‘விடியா’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் ஊர்ப் பட்டறைகளின் பழைய ஆட்கள் இன்றும் விடியா டிப் என்றுதான் சொல்வார்கள்.

இந்தப் பிட் கான்கிரீட்டை வெட்டுவதில்லை. சுத்தியல் இயக்கத்தில் இடித்து, நொறுக்கி, பொடியைப் பள்ளத்தின் வழியே வெளியே தள்ளுகிறது. ஆகவே முனையின் கூர்மை நாம் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லை. உண்மையான வேலை கார்பைடுத் துண்டின் வெளி மூலைகள் இரண்டிலும் நடக்கிறது; ஓட்டையின் அகலத்தை அவைதான் தீர்மானிக்கின்றன. 6 மி.மீ. என்று அச்சிட்ட நல்ல பிட்டின் கார்பைடு, 6 மி.மீ.க்குச் சற்று மேலேயே இருக்கும். அந்தச் ‘சற்று’ இருப்பதால்தான் பிளாஸ்டிக் பிளக் விரலால் தள்ளியதும் உள்ளே போகிறது. ஜெர்மன் தயாரிப்புகள் சிலவற்றில் பி.ஜி.எம். என்றொரு முத்திரை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்த விட்டம் உரிய வரம்புக்குள் இருக்கிறது என்பதற்குத்தான் அந்த முத்திரை.

ஓட்டை மேல் ஓட்டையாகப் போடும்போது வெளி மூலைகள் உருண்டு போகின்றன. பிட் இன்னும் சுவருக்குள் இறங்கும். ஓட்டை மட்டும் இறுகும். பிளக்கைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டிவரும், பாதியில் மடங்கும், திருகு வளையும். வீட்டுக்காரர் பிளக்கைக் குறை சொல்வார். இந்தப் பிட்டைக் கல்லில் காட்டினால் முனை கூராகும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் மூலைகள் உருண்டது உருண்டதுதான். விட்டம் ஒரு மயிரிழைகூடத் திரும்ப வராது. போதாக்குறைக்கு, வீட்டு கிரைண்டரோடு வரும் சாம்பல் நிறக் கல் கார்பைடைக் கரைக்காது. கல்லின் முகம் வழவழப்பாகி வெறும் சூட்டைத்தான் கிளப்பும். பச்சை நிறச் சிலிக்கான் கார்பைடு கல்லோ வைரக் கல்லோ வேண்டும். சூடேறிய கார்பைடைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிப்பு விழும். சூடு மிஞ்சினால் பற்றவைப்பே இளகும். சுவருக்குள் கம்பியில் மோதி ஒரு மூலை பெயர்ந்த பிட்டென்றால் பேச்சே வேண்டாம்.

ஆகையால் பிளக்குக்காக ஓட்டை போடும் கான்கிரீட் பிட்டைப் பொறுத்தவரை மூன்று வெள்ளிக் கட்சியே சரி. அவர்கள் சொல்லும் காரணம்தான் தவறு. மலிவு என்பதால் வாங்க வேண்டியதில்லை. விலை முப்பது வெள்ளியானாலும் புதிதுதான் வாங்க வேண்டும். ஒரே விலக்கு, குழாயோ வயரோ நுழைக்கச் சுவரின் மறுபக்கம்வரை போடும் பெரிய ஓட்டைகள். அங்கே விட்டம் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் கெடுதல் இல்லை. தடிமனான பிட்டைப் பச்சைக் கல்லில் மெதுவாகக் காட்டிக்கொள்ளலாம்.

உலோகம் துளைக்கும் பிட்டுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். முறுக்குப் பள்ளமுள்ள இந்த வடிவத்துக்கு அமெரிக்காவின் ஸ்டீவன் மோர்ஸ் 1863இல் காப்புரிமை பெற்றார். அந்த வடிவத்தின் தனிச்சிறப்பே, எத்தனை முறை தீட்டினாலும் விட்டம் ஏறக்குறைய மாறாமல் இருப்பதுதான். பட்டையாக அடித்துச் செய்த அதற்கு முந்தைய துளையுளிகளைத் தீட்டத் தீட்ட அகலம் குறையும். முறுக்குப் பிட்டில் அந்தத் தொல்லை இல்லை. அதாவது, மறுபடி தீட்டிப் பயன்படுத்துவதற்கென்றே அமைந்த கருவி இது. ஒரு முறை மழுங்கியதும் தூக்கியெறிபவர்கள் அந்த அமைப்பின் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். வழக்கமான 6 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிட்டின் மொத்த நீளம் 93 மி.மீ.; அதில் பள்ளம் ஓடும் நீளம் 57 மி.மீ. பள்ளம் ஓடும் நீளம் முழுக்க ஒரே பதம் ஏற்றிய எஃகு. தொடக்கத்திலேயே கவனித்துத் தீட்டினால் ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது. விளிம்பை ஒட்டிய பக்கவாட்டுத் தேய்மானத்தையும் சேர்த்துக் கரைத்துவிட்டால் முழு விட்டமுள்ள புதிய முனை வெளியே வருகிறது. நடுத்தண்டு பின்னோக்கிப் போகப் போகச் சற்றுத் தடிக்கும் என்பது உண்மை. முனையின் மத்தியில் உள்ள குறுக்கு விளிம்பு அதனால் அகலமாகி, அழுத்தம் கூடுதலாகக் கேட்கும். அப்படிப் பார்த்தாலும், பிட் பாதி நீளம் ஆகும்வரை அதற்கு ஆயுசு உண்டு.

“கல்லில் நீலம் பாய்ஞ்சா பிட் போச்சு” என்ற பயம் பலருக்கு இருக்கிறது. சாதாரணக் கார்பன் எஃகுக்கு அது பொருந்தும். எச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகு வேறு சாதி. பெத்லஹம் எஃகு ஆலையில் டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கி, 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் காட்டிய எஃகு அதன் முன்னோடி. செந்தணலாகச் சிவந்த நிலையிலும் அது இரும்பை வெட்டியதைப் பார்த்துப் பட்டறைக்காரர்கள் அசந்துபோனார்கள். இன்றைய எச்.எஸ்.எஸ். ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ்வரை பதம் விடாது; நீலம் தெரிவது அதில் பாதிச் சூட்டில். நீலத்தைவிடக் கெடுதல் செய்வது, சூடேறிய பிட்டைச் சட்டென்று தண்ணீரில் போடுவது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விளிம்பில் ஓடி, அடுத்த ஓட்டையிலேயே உதிரும். சூடேற விடாமல் தொட்டுத் தொட்டு எடுப்பதே வழி.

இதை வீட்டில் கையால் செய்ய முடியுமா என்பதில்தான் நேர்மையான சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பதை அருகில் வைத்துப் பார்ப்போம். பிட்டின் முனைக்கோணம் பொதுவாக 118 பாகை. ஆகவே கல்லின் முகத்துக்குப் பிட்டை 59 பாகையில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வெட்டு விளிம்பு கிடைமட்டமாக இருக்க வேண்டும். விளிம்பு முதலில் கல்லைத் தொடும். பிறகு பிட்டின் வால்பகுதியை மெல்லக் கீழே இறக்கினால், விளிம்புக்குப் பின்னால் உள்ள பரப்பு சரிவாகக் கரையும். அந்தச் சரிவுக்குப் பட்டறையில் கிளியரன்ஸ் என்று பெயர். பத்துப் பன்னிரண்டு பாகை இருந்தால் சரி. புதியவர்கள் சறுக்கும் இடம் இது. பின்பரப்பு விளிம்பைவிட உயர்ந்துவிட்டால், எவ்வளவு கூராகத் தெரிந்தாலும் பிட் வெட்டாது. பின்பரப்பு இரும்பில் உரசும், பிட் கத்தும், ஆள் இன்னும் பலமாக அழுத்துவார், முனை கருகும். அடுத்து, இரண்டு விளிம்புகளும் ஒரே நீளம், ஒரே கோணம். ஒன்று நீண்டால் நுனி மையத்தை விட்டு விலகி, ஓட்டை பெரிதாகும்.

சரியாக வந்ததா என்று கண்டுபிடிக்க அளவுகோல்கூடத் தேவையில்லை. முனையை விளக்கின் கீழ் திருப்பிப் பாருங்கள். மழுங்கிய விளிம்பில் வெள்ளிக் கோடுபோல் ஒளி மின்னும். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பித் தராது, கோடே தெரியாது. பிறகு ஒரு துண்டு இரும்புப் பட்டையில் போட்டுப் பாருங்கள். இரண்டு பள்ளங்களிலிருந்தும் ஒரே தடிமனில் இரண்டு சுருள்கள் எழுந்து வந்தால் தேறியது. ஒரு பக்கம் சுருளும் மறுபக்கம் தூளுமாக வந்தால் மறுபடி கல்லுக்குப் போக வேண்டும்.

கற்கக்கூடிய வித்தைதான். ஃபிட்டர் தம்பிகளிடம் ஒரு ஞாயிறு பிற்பகல் பக்கத்தில் நின்று பார்த்தால் பாதி பிடிபடும். ஆனால் அடுக்குமாடியில் தடை வேறிடத்தில் இருக்கிறது. 150 மி.மீ. மேசை கிரைண்டரை எங்கே வைப்பது? சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்திலா? பொறி பறக்கும், கல்தூள் படியும், மேசையின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். இரைச்சல் மிகுந்த புதுப்பிப்பு வேலைகளை வாரநாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணிவரை மட்டுமே செய்யலாம் என்பது வீவக விதி. பிட் தீட்டுவது புதுப்பிப்பு வேலை ஆகாதென்று வாதாடலாம். மேல்வீட்டில் கைக்குழந்தை தூங்கும் நேரத்தில் அந்த வாதம் எடுபடாது, எடுபடவும் கூடாது. பாதுகாப்பையும் தள்ளிவைக்க முடியாது. கண்ணாடி கட்டாயம். கையுறை கூடாது, கல் அதைப் பிடித்து இழுத்துவிடும். தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. ஆங்கிள் கிரைண்டரை மேசையில் கட்டிவைத்துத் தீட்டுவதைச் சிலர் சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். அதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

பிட்டுக்காக மட்டும் வீட்டில் ஒரு கிரைண்டர் வாங்குவது நியாயமில்லை என்பது இதனால் என் கருத்து. டிரில் டாக்டர் போன்ற தனி இயந்திரங்களும் அப்படித்தான். 118, 135 என்று கோணத்தைத் தேர்ந்தெடுத்துப் பிட்டைச் செருகித் திருப்பினால், கைப்பழக்கம் இல்லாதவருக்கும் ஒழுங்கான முனை கிடைக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் விலையில் ஒரு குடும்பம் ஆயுள் முழுக்கப் பயன்படுத்தும் பிட்களை வாங்கிவிடலாம். இரும்புக் கதவும் கிரில்லும் செய்து மாட்டும் குத்தகையாளருக்கு அது கட்டுப்படியாகும். வருடத்துக்கு இருபது ஓட்டை போடும் வீட்டுக்கு ஆகாது.

இவ்வளவு தடை இருந்தும் சாணையின் பக்கம் நான் நிற்பதற்குக் காரணம், மூன்றாவதாக ஒரு வழி இருப்பது. அதைப் பற்றி இரு கட்சியும் பேசுவதே இல்லை. நுண்ணிய வைர அரம் ஒன்று. மின்சாரம் வேண்டாம், பொறி கிடையாது, சத்தமும் கிடையாது. பிட் முழுக்க மழுங்கும்வரை காத்திருக்காமல், விளக்கொளியில் அந்த வெள்ளிக் கோடு தலைகாட்டிய உடனே, பழைய சரிவை அப்படியே பின்பற்றி விளிம்புக்கு மூன்று நான்கு இழுப்பு இழுத்தால் போதும். கோணம் ஏற்கெனவே ஆலையில் செய்ததுதான். நாம் அதைக் கெடுக்காமல் மேல்தோலை மட்டும் எடுக்கிறோம். மூலை கருகிப்போன பிட்டை இப்படிக் காப்பாற்ற முடியாது. ஆனால் வீட்டில் பிட்கள் சாவதெல்லாம் இந்த மூன்று இழுப்பைத் தள்ளிப்போட்டதால்தான். தங்கநிற டைட்டேனியம் பூச்சு போய்விடுமே என்று கவலைப்படுபவர்களுக்கு: சரிவில்தான் போகும், பள்ளத்தின் உள்முகத்தில் நிற்கும். சீவல் உரசி ஓடுவது அந்த உள்முகத்தின் மேல்தான்.

புதிது வாங்குவதன் பக்கம் சொல்லப்படும் வாதங்களில் எனக்கு ஒப்பாதது, புதிதும் பழையதும் சமம் என்ற எண்ணம். உங்கள் கையில் மழுங்கிக் கிடப்பது நல்ல பிட் என்றால், அதே இடத்துக்கு மலிவுப் பெட்டியிலிருந்து வரும் புதியது அதைவிடத் தாழ்ந்ததாக இருக்கலாம். இணையத்தில் விற்கும் பெட்டிகளின் விவரத்தில் 4241, 4341, 6542 என்று எண்கள் இருக்கும். 6542 என்பது உலகெங்கும் எம்2 என்று அறியப்படும் எஃகின் சீனப் பெயர். அதில் ஏறத்தாழ 6 விழுக்காடு டங்ஸ்டனும் 5 விழுக்காடு மாலிப்டினமும் உண்டு. 4341இல் டங்ஸ்டன் 4, மாலிப்டினம் 3 என்று இறங்கிவிடும். எண் எதுவும் போடாமல் எச்.எஸ்.எஸ். என்று மட்டும் எழுதியிருந்தால் மேலான சாமானை எதிர்பார்க்காதீர்கள். டங்ஸ்டன் இனி மலிவாகும் என்று நம்பவும் இடமில்லை. உலக உற்பத்தியில் மிகப் பெரும்பங்கு சீனாவுடையது. 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன், மாலிப்டினம் சார்ந்த பல பொருள்களின் ஏற்றுமதிக்கு அந்நாடு கட்டுப்பாடு விதித்தது.

அதே நேர்மையோடு சாணைக் கட்சியின் ஒரு வாதத்தையும் தள்ளுபடி செய்ய வேண்டியிருக்கிறது. பூமியைக் காப்பாற்றுகிறோம் என்பார்கள். 6 மி.மீ. பிட்டின் எடை பதினைந்து கிராம் அளவுதான். புலாவ் செமாக்காவ் குப்பைநிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்ற கவலை மெய்யானது. ஆனால் அதை நிரப்புவது டிரில் பிட்டால் வரும் எடை அல்ல. தேய்ந்த பிட்களை ஒரு டப்பாவில் சேர்த்துக் காராங்குனிக்காரரிடம் கொடுத்துவிட்டால் அந்தக் கடமை முடிந்தது.

மழுங்குவதற்கான காரணத்தையும் எடைபோடாமல் இந்தத் தீர்ப்பு முழுமையாகாது. எவர்சில்வர் கிரில்லில் ஓட்டை போடும்போதுதான் வீட்டுப் பிட்கள் அதிகம் கருகுகின்றன. சாதாரண இரும்பில் விளிம்பு நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடலாம், 6 மி.மீ. பிட்டுக்கு அது ஏறக்குறைய 1300 சுற்று. எவர்சில்வருக்கு 10 மீட்டர்தான், அதாவது 530 சுற்று. பேட்டரி டிரில்லின் இரண்டாம் கியரில் விசையை முழுக்க அழுத்தினால் 1500ஐத் தாண்டும். எவர்சில்வர் வெட்டப்படாமல் உரசப்பட்டால் அங்கேயே இறுகிக் கடினமாகும். பிறகு எந்தப் பிட்டும் இறங்காது. முதல் கியர், ஒரு சொட்டு எண்ணெய், சுருள் நிற்காமல் வரும் அளவுக்கு அழுத்தம். இதைச் செய்யாதவருக்குச் சாணையும் உதவாது, புதிய பிட்டும் உதவாது.

மிச்சமிருப்பவை சில்லறை வழக்குகள். 3 மி.மீ.க்குக் கீழான பிட்டைத் தீட்ட முயல வேண்டாம். விளிம்பே கண்ணுக்குப் பிடிபடாது, மழுங்குமுன் ஒடிந்துவிடவும் செய்யும். அதைப் புதிதாகவே வாங்குங்கள். 135 பாகையில் பிளவுமுனை வைத்த கோபால்ட் பிட்டில் அந்தப் பிளவைக் கையால் மறுபடி செய்வது கைதேர்ந்தவருக்கே சிரமம். மழுங்கத் தொடங்கும்போது அரத்தால் மெல்லத் தொட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். மரத்துக்கான ஊசிமுனைப் பிட்டும் அரத்தோடு நிற்கட்டும். 10 மி.மீ.க்கு மேற்பட்ட உலோகப் பிட் கையில் இருந்தால், அதைத் தூக்கியெறிவது வீண். பூன் லேயைச் சுற்றி சாணைக்கல் ஓடும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. கேட்டால் தீட்டிக் கொடுக்க ஆள் கிடைக்கும்.

புதிது வாங்கியே தீர வேண்டிய இடங்களில் பெட்டியாக வாங்காதீர்கள். பத்தொன்பது அளவு கொண்ட பெட்டியில் வீட்டுக்குப் பயன்படுவது நான்கு அளவுகள். அந்த நான்கையும் 6542 அல்லது எம்2 என்று எழுதியதாக, ஒவ்வோர் அளவிலும் இரண்டிரண்டாக, ஹார்ட்வேர் கடையில் உதிரியாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்று வேலையில் இருக்கட்டும். மற்றதைத் தொடாமல் வைத்திருந்தால், அரம் இழுக்கும்போது மூலச் சரிவு எப்படி இருந்தது என்று பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.